வாசகர் கேள்வி பதில்: எல்லா அணியும் ஒரே மைதானத்தில் – ரசிகனுக்கு என்ன மிச்சம்?

சென்ற இதழில் இங்கிலாந்து ரக்பி லீக்கின் ‘மேஜிக் வீக்கெண்ட்’ பற்றி ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். அந்த ஆட்டத்தின் முதல்நிலைப் போட்டியான சூப்பர் லீக்கில் உள்ள எல்லா அணிகளும் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மைதானத்தில், சனி ஞாயிறு இரண்டே நாளில் ஒரு சுற்று ஆட்டத்தை முடித்துவிடும் ஏற்பாடு அது. அதை வைத்தே இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சங்கர் நகர் கிரிக்கெட், மின்னொளி கபடி என்று வாசகர்களே பேச்சை நம் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

ரக்பி என்றால் எல்லாம் ஒன்றுதானே? ‘ரக்பி லீக்’ என்று தனியாக ஒன்று உண்டா?
– பள்ளி மாணவர், சேரன்மகாதேவி

உண்டு. ரக்பி யூனியனில் அணிக்கு 15 பேர், லீக்கில் 13 பேர். லீக்கில் பந்தோடு ஓடுபவரைப் பிடித்து நிறுத்தினால், அவரே எழுந்து பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிட ஆட்டம் தொடரும். ஆறு தடவை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தால் 4 புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் இன்னும் 2. மொத்தம் 80 நிமிடம். 1895ல் வட இங்கிலாந்துக் கிளப்புகள் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் கூடித் தனியாகப் பிரிந்தன. ஆடப் போகும் ஆலை, சுரங்கத் தொழிலாளிகளுக்கு அன்றைய கூலி போய்விடுகிறது, அதை ஈடுகட்ட வேண்டும் என்று கேட்டார்கள், மேலிடம் மறுத்தது. கபடி பார்த்துப் பழகிய கண்ணுக்கு யூனியனைவிட லீக் சீக்கிரம் பிடிபடும்.

மேஜிக் வீக்கெண்டால் ரசிகர்களுக்கு உண்மையில் லாபம் உண்டா? அல்லது டி.வி.க்காரர்களும் ஓட்டல்காரர்களும் சம்பாதிக்கும் வழியா?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

எந்த ரசிகர் என்பதைப் பொறுத்தது.

2007ல் வேல்ஸின் கார்டிஃப் நகரில், மில்லேனியம் ஸ்டேடியத்தில் இது தொடங்கியது. பிறகு எடின்பரோவின் மரேஃபீல்டு, மான்செஸ்டர், நியூகாசில், லிவர்பூலின் ஆன்ஃபீல்டு, லீட்ஸின் எல்லண்ட் ரோடு என்று ஊர் ஊராகப் போனது. அதிகம் நிலைத்தது நியூகாசிலில்: 2015 முதல் 2018 வரை, 2021 முதல் 2023 வரை, மறுபடியும் 2025ல். அங்கே சூப்பர் லீக் அணி எதுவும் கிடையாது. இந்த ஆட்டத்தின் கோட்டைகளான விகன், செயின்ட் ஹெலன்ஸ், லீட்ஸ், ஹல், வேக்ஃபீல்டு எல்லாம் தெற்கே இருக்கின்றன. லீட்ஸிலிருந்து நியூகாசில் சுமார் 150 கிலோமீட்டர். நெல்லையிலிருந்து மதுரை போகிற தூரம். ஆனால் விகனுக்கும் செயின்ட் ஹெலன்ஸுக்கும் நடுவே கிட்டத்தட்ட தென்காசி–கடையநல்லூர் தூரம்தான். சாதாரண வாரத்தில் வெளியூர் ஆட்டம் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறவரை, மேஜிக் வீக்கெண்ட் அறை எடுத்துத் தங்க வைக்கிறது.

செலவு எங்கே ஏறுகிறது என்றால், டிக்கெட்டில் அல்ல. ஒரு நாள் டிக்கெட்டில் மூன்று நாலு ஆட்டம் பார்த்துவிடலாம் என்பதால் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பார்த்தால் மலிவுதான். தங்குமிடமும் ரயிலும்தான் கையைக் கடிக்கின்றன. எந்த மைதானம், எந்தத் தேதி என்று அறிவித்த அன்றே நகரத்தின் மத்தியில் உள்ள அறைகள் விலை ஏறத் தொடங்கும். எந்த அணி சனிக்கிழமை, எந்த அணி ஞாயிற்றுக்கிழமை என்பது பிறகு தெரிய வந்தால், இரண்டு ராத்திரிக்கும் அறை போட்டு வைத்தவருக்கு ஒரு ராத்திரிக் காசு வீண். ரத்து செய்யக்கூடிய அறையாக முதலில் போட்டு வைத்துவிட்டு, ஆட்டவணை வந்ததும் வேண்டாததை விடுவது அனுபவசாலிகள் வழி.

இனி கூட்டக் கணக்கு. 2016ல் நியூகாசிலில் இரண்டு நாளும் சேர்த்து 68,276 பேர். பிரமாதமாகத் தெரிகிறதா? ஆறு ஆட்டத்துக்குப் பிரித்துப் பாருங்கள், ஓர் ஆட்டத்துக்குப் பதினோராயிரத்துச் சொச்சம். மூன்று கல்யாணத்தை ஒரே மண்டபத்தில் வைத்து, மொத்த இலையையும் ஒரே பந்தியாக எண்ணிச் சொல்வது மாதிரிதான் இது. பல பேர் தங்கள் அணி ஆடும் நேரத்துக்கு வந்து, ஆட்டம் முடிந்ததும் வெளியே கிளம்பிவிடுகிறார்கள். அதனால் 50,000 பேர் கொள்ளும் மைதானத்தில் முதல் ஆட்டமும் கடைசி ஆட்டமும் பாதி காலியான நாற்காலிகள் முன்னால் நடப்பதுண்டு. ஆட்டக்காரர்களுக்கும் அது உற்சாகம் தராது, டி.வி.யிலும் பார்க்க நன்றாக இராது.

அப்படியானால் பக்கத்தில் வைத்துவிடலாமே என்று 2024ல் லீட்ஸுக்கே கொண்டுவந்தார்கள். பெரும்பாலான ரசிகர்களுக்குப் பயணம் பாதியாகக் குறைந்தது. கூட்டமோ 53,000 சொச்சம்தான். மறு ஆண்டே நியூகாசிலுக்குத் திரும்பிவிட்டார்கள். எங்கள் அபிப்பிராயத்தில் காரணம் இதுதான்: பக்கத்து ஊர் என்றால் தன் அணி ஆட்டம் முடிந்ததும் பஸ் ஏறிவிடலாம், அடுத்த நாள் வரவேண்டிய கட்டாயமில்லை. தூரத்து ஊர் என்றால் கூட்டாளிகளோடு ஒரு சுற்றுலா, எப்படியும் தங்கியாக வேண்டும், தங்கிய பிறகு மற்ற ஆட்டங்களையும் பார்த்துவிடுகிறார்கள். நியூகாசில் மைதானம் ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், நகரத்தின் நடுவே இருப்பதும் இதற்குக் கைகொடுக்கிறது.

யாருக்கு லாபம்? நண்பர் கூட்டத்தோடு வருடத்துக்கு ஒரு தடவை வெளியே போக விரும்புகிறவருக்கு நிச்சயம் லாபம். தன் அணியைத் தவிர மற்ற அணிகளின் ஆட்டத்தையும் ரசிப்பவருக்கு இன்னும் லாபம். ரக்பி லீக்கில் இரு அணி ரசிகர்களையும் வேலி போட்டுப் பிரித்து உட்கார வைக்கும் வழக்கம் இல்லை; எல்லா அணிச் சட்டைகளும் ஒரே தெருவில் கலந்து நடப்பது அவர்களுக்கே ஒரு பெருமை. வாராவாரம் தவறாமல் போகும், கையில் அளவான காசு வைத்திருக்கும் வயதான சீசன் டிக்கெட்காரருக்கு இது கூடுதல் செலவுதான். குடும்பத்தோடு போகிறவர் இரண்டுங்கெட்டான். சின்னப் பிள்ளைகளால் ஒரே நாளில் மூன்று ஆட்டம் உட்கார்ந்து பார்க்க முடியாது. ஓர் ஆட்டத்துக்காக மூன்று ஆட்டப் பயணம் போன மாதிரி ஆகிவிடும்.

புதிய ஊர்களில் ஆட்டத்தைப் பரப்பத்தான் இதைத் தொடங்கினோம் என்றார்கள். அந்த விஷயத்தில் கிடைத்தது சொற்பம். வேல்ஸிலிருந்து ஓர் அணி 2009ல் சூப்பர் லீக்குக்கு வந்து 2011 சீசனோடு வெளியேறியது. ஸ்காட்லாந்திலிருந்து எதுவும் வரவில்லை. வருடத்துக்கு ஒரு சனி ஞாயிறு மட்டும் வந்துபோகும் ஆட்டத்தால் உள்ளூர்ப் பையன் காலையில் எழுந்து பயிற்சிக்குப் போவான் என்பது பேராசை.

ஒரே அணியோடு மூன்றாவது தடவை மோத வைப்பது அநியாயம் இல்லையா? புள்ளிப் பட்டியல் கெடாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம்

கெடும், ஆனால் கொஞ்சம்தான். பன்னிரண்டு அணிகள் இருந்தபோது ஒவ்வொன்றும் மற்ற பதினொன்றோடு சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று ஆடினால் 22. சீசனுக்கு 27 சுற்று. ஆக 5 ஆட்டம் எப்படியும் மறுபடி மோதுவதுதான். அதில் ஒன்று மேஜிக் வீக்கெண்ட். 2026ல் அணிகள் 14 ஆனதும் 26 ஆட்டம் போக மேஜிக் மட்டும்தான் உபரி. கெட்டிக்கார அணியோடு மூன்றாவது முறை மோத வேண்டியவருக்கு அது இழப்புதான்.

இன்னொரு பக்கம் பார்த்தால் ரசிகருக்கு இதுவே பாதுகாப்பு. உபரி ஆட்டம் என்பதால் எந்த அணியும் தன் சொந்த ஊர் ஆட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் நிலைமை வேறு. அங்கே 2019 முதல் பிரிஸ்பேன் நகரின் சன்கார்ப் மைதானத்தில் ‘மேஜிக் ரவுண்ட்’ நடக்கிறது. வழக்கமான சுற்றுகளில் ஒன்றையே எடுத்து அங்கே வைக்கிறார்கள். பெயருக்குச் ‘சொந்த ஊர் அணி’ என்று எழுதப்பட்ட கிளப்புகளுக்கு ஈட்டுத்தொகை உண்டு. ஆனால் சிட்னியில் சீசன் டிக்கெட் எடுத்தவருக்கு வாசலில் கிடைக்க வேண்டிய ஓர் ஆட்டம் விமானம் ஏறிப் போய்விடுகிறது. இப்படி ஒரு விழா அறிவிக்கும்போது ரசிகர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: கூடுதல் ஆட்டமா, என் ஆட்டத்தை எடுத்து வைக்கிறீர்களா?

பிரிஸ்பேனில் கூட்டத்துக்குக் குறைவில்லை. அந்த ஊரே லீக் ஊர், சொந்த அணியும் உண்டு. உள்ளூர்க்காரரே பாதி கேலரியை நிரப்பிவிடுவார்.

சங்கர் நகரில் டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்) நடக்கும்போது நெல்லை அணி ஆடாத நாளில் போவது காசுக்குக் கேடா? சனி ஞாயிறு போக என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?
– வாசகர், தென்காசி

கேடில்லை. சொல்லப்போனால் சங்கர் நகர் இந்த மேஜிக் வீக்கெண்ட் வேலையை ரொம்ப நாளாகச் செய்துகொண்டிருக்கிறது. 2016ல் டி.என்.பி.எல். தொடங்கியபோதே இந்தியா சிமெண்ட்ஸ் மைதானத்தில் ஆட்டம் நடந்தது. அப்போது நெல்லை என்ற பெயரில் அணியே கிடையாது. நெல்லை ராயல் கிங்ஸ் 2021ல்தான் வந்தது. அதுவரை திண்டுக்கல்லும் காரைக்குடியும் மோதுவதை நம் ஆட்கள் கைதட்டிப் பார்த்தார்கள். எட்டு அணிகளும் கூட்டமாக ஊர் ஊராக நகர்வதால் பெரும்பாலான ஆட்டம் யாருக்கோ பொது மைதானம்தான்.

நம் அணி ஆடும் நாளில் சந்தோஷம் ஜாஸ்தி, ஏமாற்றமும் ஜாஸ்தி. 2023 இறுதி ஆட்டம் சங்கர் நகரிலேயே நடந்தது; நெல்லை அணி கோவையிடம் 104 ரன் வித்தியாசத்தில் தோற்றது. அடுத்த அணிகளின் ஆட்டத்தில் அந்த நெஞ்சுவலி கிடையாது, டிக்கெட்டும் லேசாகக் கிடைக்கும்.

சனி ஞாயிறுகளில் வழக்கமாக இரண்டு ஆட்டம்: பிற்பகல் மூன்றேகால், இரவு ஏழேகால். இரண்டையும் பார்ப்பதானால் எட்டு மணி நேரம் உள்ளே இருக்க வேண்டும். டிக்கெட் போடும்போதே அது அன்றைய நாளுக்கா, ஓர் ஆட்டத்துக்கா, முதல் ஆட்டம் முடிந்து வெளியே போனால் திரும்ப விடுவார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்று சண்டை போடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைப் பார்க்காதவர்கள்தான். முதல் ஆட்டத்துக்கு மேற்கு வெயில் முகத்தில் அடிக்காதபடி, மேற்கே முதுகு காட்டும் பக்கத்தில் இடம் எடுங்கள். தண்ணீர் பாட்டில், பெரிய பை, குடைக்கம்பி எல்லாம் வாசலில் நின்றுவிடும். தொப்பியும் ஒரு துண்டும் போதும்.

ஆனி, ஆடிக் காற்றை மறக்காதீர்கள். மலைக்கு அந்தப் பக்கம் மழை, இந்தப் பக்கம் காற்று. கயத்தாறு காற்றாலைகள் சும்மா சுற்றவில்லை. மேற்கிலிருந்து வரும் காற்றில் உயரமாக எழும் பந்து நாலடி நகர்ந்து விழும். காற்றோடு அடிப்பவருக்குச் சிக்ஸர் எளிது, எதிர்த்து அடித்தால் எல்லைக்கோட்டில் கேட்ச். காற்று போகும் பக்கத்துக் கேலரியில் உட்கார்ந்தால் பந்தும் வரும், தூசியும் வரும். கண்ணாடி போட்டவர்கள் யோசித்து உட்காருங்கள்.

தென்காசியிலிருந்து வருகிறவருக்குச் சிக்கல் திரும்பிப் போவதில்தான். இரவு ஆட்டம் பதினொன்றை ஒட்டி முடியும். மைதானம் இருக்கும் தாழையூத்திலிருந்து நெல்லை சந்திப்புக்கு வந்து, புதிய பேருந்து நிலையம் போய், தென்காசிப் பஸ் பிடிப்பதற்குள் நடுராத்திரி. மதுரையிலிருந்து வரும் எல்லாப் பஸ்ஸும் தாழையூத்தில் நிற்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். நாலைந்து பேராக வேனோ காரோ பேசி வந்தால்தான் இரண்டாவது ஆட்டத்தை நிம்மதியாகப் பார்க்கலாம். இல்லையென்றால் முதல் ஆட்டத்தோடு கிளம்பிவிடுங்கள்.

வெளியூர் நண்பர்களை அழைக்கிறீர்களா? அதே சமயம் குற்றால சீசனும் நடந்துகொண்டிருக்கும். சனிக்கிழமை குற்றாலத்தில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. அவர்களை நெல்லையில் தங்கவைத்து, ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கு அருவிக்குக் கூட்டிப்போய், பத்து மணிக்குள் திரும்பிவிடுவது உத்தமம். கூட்டம் அதற்குப் பிறகுதான் வரும்.

புரோ கபடியை முன்பெல்லாம் ஒவ்வோர் அணியின் ஊரிலும் வைத்தார்கள். இப்போது மூன்று நாலு நகரத்தோடு முடித்துவிடுகிறார்கள். தமிழ் தலைவாஸ் ரசிகர்களுக்கு இது நஷ்டம்தானே?
– வாசகர், சிவகிரி

ஆமாம், நஷ்டம்தான். 2024 சீசன் ஹைதராபாத், நொய்டா, புனே என்று மூன்றே இடத்தில். சென்னையில் ஓர் ஆட்டமும் இல்லை. 2025ல் விசாகப்பட்டினம், ஜெய்ப்பூர், சென்னை, டெல்லி என்று நாலானது. சென்னைக்காரர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆடுகளம், விளக்கு, கேமரா எல்லாவற்றையும் பன்னிரண்டு ஊருக்குத் தூக்கிச் செல்வதைவிட நாலு ஊரில் இறக்குவது நடத்துகிறவருக்கு மிச்சம். டி.வி.யில் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. நேரில் பார்க்க விரும்பும் சிவகிரிக்காரருக்கு முன்பும் சென்னை தூரம்தான், இப்போதும் தூரம்தான் என்பது வேறு விஷயம்.

மேஜிக் வீக்கெண்டோடு இதைச் சேர்க்க வேண்டாம். அது வருடத்தில் ஒரு வாரம் மட்டும் பொது மைதானம். இது சீசன் முழுக்கவே பொது மைதானம்.

நம் ஊர் அணியே ஆடாத போட்டிக்குக் கூட்டம் சேருமா?
– வாசகர், கழுகுமலை

பக்கத்தில் கோவில்பட்டியை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியா! லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டிக்கு வடநாட்டு அணிகள் வந்து ஆடும்போது கேலரியில் உட்காருகிறவர்கள் யார்? கோவில்பட்டியில் ஹாக்கி தெரிந்த குடும்பங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. பெனால்டி கார்னரில் தப்பு செய்தால் பக்கத்தில் கடலை தின்கிறவர் சத்தம் போடுவார். ஆட்டம் தெரிந்த ஊருக்கு அணி வேண்டாம். 2025 கடைசியில் ஜூனியர் ஆடவர் உலகக்கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தபோது நம் பக்கத்து ஆட்கள் மதுரைக்கு வண்டி கட்டியதும் இதனால்தான்.

ராதாபுரம் வட்டாரத்தில் எட்டு ஊர் அணிகள் சேர்ந்து கபடி லீக் நடத்துகிறோம். ஞாயிறுதோறும் ஊர் மாற்றி ஊர். இந்த மேஜிக் வீக்கெண்ட் போல ஒரு சுற்றை மட்டும் ஒரே இடத்தில் வைக்க ஆசை. எப்படிச் செய்வது? எங்கே கெட்டுப்போகும்?
– இளைஞர் மன்றத்தார், ராதாபுரம்

நல்ல யோசனை. முதலில் ஆட்டவணை. எட்டு அணி, சொந்த ஊரில் ஒன்று வெளியூரில் ஒன்று என்றால் அணிக்கு 14 ஆட்டம். இந்த விழாவைப் பதினைந்தாவதாகச் சேருங்கள். பதினாலில் ஒன்றை எடுத்து வைக்காதீர்கள். எடுத்தால் நாலு ஊருக்கு ஒரு சொந்த ஊர் ஆட்டம் போகும். டீக்கடைக்காரரிலிருந்து கோயில் நிர்வாகம் வரை முணுமுணுப்பார்கள். யாரோடு யார் என்பதைச் சீசன் தொடங்கும் முன்பே எல்லா அணிக்காரர்கள் முன்னிலையிலும் சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள். நடுவில் முடிவு செய்தால் ‘வேண்டுமென்றே எங்களைப் பலசாலியோடு கோர்த்துவிட்டான்’ என்ற பேச்சு நிற்கவே நிற்காது.

இடம், எட்டு ஊரில் எதுவும் வேண்டாம். வள்ளியூர் போல ரயிலும் பஸ்ஸும் நிற்கும் ஊர் சரி. வள்ளியூர் அணியே உங்கள் லீக்கில் இருந்தால் வேறு ஊர் பாருங்கள். மைதானத்துக்கு வாய்வார்த்தை போதாது, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். காவல் நிலையத்திலும் ஒலிபெருக்கியோடு சேர்த்து முன்கூட்டியே மனு கொடுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். உங்கள் நேரக் கணக்கு அங்கிருந்து பின்னோக்கி ஓட வேண்டும்.

ஆண்கள் ஆட்டம் 20 நிமிடம் இரண்டு பாதி, நடுவே 5 நிமிடம்: 45. அணிக்குப் பாதிக்கு இரண்டு, 30 வினாடி இடைநிறுத்தம்; எல்லோரும் எடுத்தால் 4 நிமிடம். காயம், வாக்குவாதம் சேர்த்து 55 என்று வையுங்கள். கோடு சரிசெய்ய, அடுத்த அணி உடல் சூடேற்ற 15. ஆக ஓர் ஆட்டத்துக்கு 70 நிமிடம். நாலு ஆட்டத்தையும் ஒரே நாளில் வைத்தால் 4 மணி 40 நிமிடம். மாலை 5 மணிக்குத் தொடங்கினால் 9.40க்கு முடியும். இருபது நிமிடம்தான் கையிருப்பு.

அந்த இருபது நிமிடத்தை விழுங்குவது எது தெரியுமா? பொன்னாடை. சிறப்பு விருந்தினர் ஆறு பேர், ஆளுக்கு ஒரு சால்வை, ஆளுக்கு இரண்டு நிமிடப் பேச்சு என்று தொடங்கி, முதல் ஆட்டம் 5.45க்கு ஆரம்பிக்கும். கடைசி ஆட்டத்தை மைக் இல்லாமல், அரைக் கூட்டத்தோடு முடிக்க வேண்டிவரும். மரியாதை எல்லாம் இரண்டாவது ஆட்டத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவே, பத்து நிமிடத்துக்குள். அந்தப் பத்தைச் சேர்த்துக்கொண்டு 4.50க்கே விசில் ஊதிவிடுங்கள். இதில் கண்டிப்பாக இருந்தால் பாதி வெற்றி. சனி இரண்டு, ஞாயிறு இரண்டு என்று பிரித்தால் நேர நெருக்கடி தீரும், ஆனால் விளக்கு, ஒலிபெருக்கி வாடகை இரட்டிப்பாகும். முதல் வருடம் ஒரே நாள் போதும்.

ஆட்ட வரிசையில்தான் ரக்பி லீக்காரர்கள் பட்ட பாடு உங்களுக்கு உதவும். பெரிய கூட்டம் இழுக்கும் இரண்டு ஜோடிகளை அடுத்தடுத்து வைக்காதீர்கள். இரண்டாவதும் நாலாவதுமாக வையுங்கள். இரண்டாவதைப் பார்க்க வருகிறவர் முதலாவதின் பாதியையாவது பார்ப்பார். நாலாவதுக்காக இருப்பவர் மூன்றாவதைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். தூரத்து ஊர் அணி முதல் ஆட்டம் ஆடட்டும். கடைசி பஸ் அவர்களுக்குக் கிடைக்கும்.

ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். மண் ஆடுகளம் என்றால் ஒரு சாண் கிளறி, கல், கண்ணாடி, முள் பொறுக்கி, தேரி மணல் கலந்து, முந்தின நாள் மாலை தண்ணீர் தெளித்துச் சமன் செய்யுங்கள். நாலு ஆட்டம் தொடர்ந்து நடந்தால் நடுக்கோட்டுப் பக்கம் பள்ளம் விழும். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் பலகை இழுத்து நிரவ இரண்டு பேரை அதற்கென்றே வையுங்கள். மேட் வாடகைக்கு எடுத்தால் ஒரு மீட்டர் சதுரத் துண்டு, ஆடுகளத்துக்கு மட்டும் 130 வேண்டும், சுற்றுக்குத் தனி. தை, மாசியில் ராத்திரி ஒன்பதுக்கு மேல் பனி இறங்கும். மேட் ஈரமானால் வழுக்கி முழங்கால் போய்விடும். காய்ந்த துணியோடு நாலு பேர் தயாராக இருக்க வேண்டும்.

விளக்குக்கு நாலு மூலையிலும் கம்பம் நட்டு, கம்பத்துக்கு 200 வாட் எல்.இ.டி. இரண்டு: மொத்தம் 1.6 கிலோவாட். ஒலிபெருக்கியும் சேர்த்து 5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் தாராளம். கம்பம் தாழ்ந்திருந்தால் பாடி வருகிறவர் கண்ணில் வெளிச்சம் அடிக்கும், நிழலும் நீளும். இருபதடிக்குக் குறையவேண்டாம். மின்வாரிய இணைப்பு எடுத்தாலும் ஜெனரேட்டரை ஒரு தடவை ஓட்டிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவர் ஒருவர், துணை நடுவர் இருவர், ஸ்கோர் எழுத ஒருவர், அவருக்கு உதவிக்கு இருவர். ஓர் ஆட்டத்துக்கு ஆறு பேர். ஒரே குழு நாலு ஆட்டமும் நின்றால் கடைசி ஆட்டத்தில் கண் தப்பும், சண்டை வரும். இரண்டு குழு மாறி மாறி நிற்கட்டும். எட்டு ஊருக்கும் சம்பந்தமில்லாத ஆட்களாகப் பாருங்கள்.

கூட்டத்தைக் கோட்டிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி, சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டி நிறுத்துங்கள். மரக் கேலரி கட்ட ஆசைப்படாதீர்கள். ஆட்டம் சூடாகும்போது எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்து குதிப்பார்கள், கட்டு அவிழும். முன்வரிசை தரையில், பின்னால் நாற்காலி, அதற்குப் பின்னால் நிற்பவர்கள். ஆயிரம் பேர் வந்தால் ஆயிரம் லிட்டர் குடிதண்ணீர் வேண்டும். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லாவிட்டால் அவர்கள் வரமாட்டார்கள், வந்தாலும் ஒரு மணி நேரத்தில் போய்விடுவார்கள்.

லோடு ஆட்டோவிலும் மினி லாரியிலும் ரசிகர்களை ஏற்றி வரக் கூடாது என்று அணித் தலைவர்களிடம் எழுதி வாங்குங்கள். சாதிக் கொடி, சாதிப் பெயர் போட்ட பனியன், கைப்பட்டை எதற்கும் மைதானத்துக்குள் இடமில்லை என்று நோட்டீஸிலேயே அச்சடித்துவிடுங்கள். நம் மாவட்டத்தில் ஒரு நல்ல விழா கெடுவதற்கு இது ஒன்று போதும்.

காசு விஷயம். நுழைவுக் கட்டணத்தை எந்த ஊர் ஆட்கள் எத்தனை பேர் என்று பிரிக்காதீர்கள், சின்ன ஊர்கள் அடுத்த வருடம் விலகிவிடும். செலவு போக மிச்சத்தை ஒன்பது பங்காக்குங்கள். அணிக்கு ஒன்று, ஒன்பதாவது பங்கு காயப்பட்டவர் வைத்தியத்துக்கு. டிக்கெட்டை அணிகளிடமே விற்கக் கொடுத்து, விற்றதில் பத்தில் ஒரு பங்கு அவர்களுக்கே என்று வைத்தால் சுறுசுறுப்பாக விற்பார்கள். கடை வாடகை மைதானம் கொடுத்தவர்களுக்குப் போகட்டும்.

அதே நாளில் பெண்கள் ஆட்டம் ஒன்றும் வைக்கலாமா? ஆடுகள அளவு வேறாமே?
– உடற்கல்வி ஆசிரியை, திசையன்விளை

தாராளமாக வைக்கலாம். பெண்களுக்கு 12 மீட்டருக்கு 8 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து பாக் லைன் (பாடி வருகிறவர் கட்டாயம் தாண்ட வேண்டிய கோடு) ஆண்களுக்கு 3.75 மீட்டர், பெண்களுக்கு 3 மீட்டர். போனஸ் கோடு இருவருக்கும் அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி. ஒரே களத்தில் இரண்டு நிறத்தில் கோடு போட்டால் நடுவரே குழம்புவார். மேட் என்றால் ஒட்டுப்பட்டையை ஆட்டத்துக்கு முன் ஒட்டி, முடிந்ததும் உரித்துவிடுங்கள். மண் என்றால் சுண்ணாம்பை அழித்து மறுபடி போட இருபது நிமிடம் ஒதுக்குங்கள். ஆட்டம் 15 நிமிடம் இரண்டு பாதி, இடைவேளை ஐந்து. கோடு மாற்றும் நேரத்தையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் கணக்கு. பெண்கள் ஆட்டத்தை மூன்று மணி வெயிலில் ஆளில்லாத மைதானத்தில் தள்ளிவிடும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அப்படிச் செய்யாமல், ஆண்கள் ஆட்டத்தில் இரண்டை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிட்டு, சனிக்கிழமை ஆறரை மணிக்கு, இரண்டு ஆண்கள் ஆட்டத்துக்கும் நடுவே வையுங்கள்.